ஏழாம் பிளாக் – 11: ஒரு பேச்சுக்கு ஒரு சாவு

பாலசுப்பிரமணியம் தன் மனைவியிடம் சத்தியம் வாங்கியபோது ஒரு சந்து பொந்து விடாமல் அடைத்துவிட்டதாகத்தான் நினைத்தார். மகளோடு போனில் பேசக் கூடாது. கடிதம் போடக் கூடாது. ஆள் மூலம் சேதி அனுப்பக் கூடாது. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் எதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்தாள் கமலா.

கம்ப்யூட்டரில் புழு ஓட்டக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. அவர் மறந்ததை எடுத்துக்கொடுக்க அவளுக்கென்ன தலையெழுத்தா?

ஏற்காட்டு மலையில், நாகலூருக்கு மேலே, பாறைக்காடு எஸ்டேட்டில் கமலாதான் ரைட்டர். காலையில் சங்கு ஊதியதும் எந்தப் பிளாக்கில் யார் யார் வேலைக்கு நிற்கிறார்கள் என்று முஸ்டர் புத்தகத்தில் பதிய வேண்டும். இருபத்தேழு வருஷமாகப் பதிகிறாள். கணவர் பாலு அதே எஸ்டேட்டில் மூத்த டிரைவர். இரண்டாவது டிரைவராக இருந்தவன்தான் ஜெப்சன். ஐந்து வருஷம் அவர்கள் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டவன், பதினான்கு மாதங்களுக்கு முன்பு அவர்களுடைய ஒரே மகள் சிவசக்தியைக் கல்யாணம் செய்துகொண்டு ஓசூருக்குப் போய்விட்டான். வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன் என்பதைக்கூடப் பாலு ஒருவேளை ஜீரணித்திருப்பார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டே தன்னை ஏமாற்றினான் என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அன்று கமலாவின் கைபேசியை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். வீட்டில் இப்போது ஒரே போன், அது அவர் சட்டைப் பையில்.

மிஞ்சியது ஆபீஸ் கம்ப்யூட்டர். அதிலும் தலைமை ஆபீஸ் பூட்டு மேல் பூட்டுப் போட்டு வைத்திருந்தது. வாட்ஸ்அப்பைத் திறந்தால் திரை முழுக்கச் சிவப்பாக ஓர் உள்ளங்கை வந்து நிற்கும். யூடியூப், ஜிமெயில், எதற்குப் போனாலும் அதே உள்ளங்கை. பஞ்சாங்கம் பார்க்கப் போனாலும் சில நாள் கையைக் காட்டிவிடும். கைபேசி சிக்னல் என்பது ஆபீஸ் இருக்கும் பள்ளத்தில் பேச்சுக்குக்கூடக் கிடையாது.

வழி கண்டுபிடித்தவள் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் சௌமியா. கரடியூர்ப் பெண், இருபத்தாறு வயது, வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கணக்குப் பழகும் தளம் ஒன்றின் மூலையில் புழு விளையாட்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. படிப்புச் சமாசாரம் என்று எண்ணிப் பூட்டு அதை விட்டுவிட்டது. அதற்கு முன் அவர்கள் பிடித்த இரண்டு விளையாட்டுகளை ஒரே வாரத்தில் உள்ளங்கை விழுங்கிவிட்டது. இது மட்டும் நாற்பது நாளாக நிற்கிறது.

விளையாட்டு ஒன்றும் பிரமாதமில்லை. உள்ளே போகும்போது ஒரு பெயர் கேட்கும். பதினைந்து எழுத்துக்கு மேல் கொள்ளாது. பெயரை அடித்தால் ஒரு புழு கிடைக்கும், அந்தப் பெயர் புழுவின் தலைக்கு மேலேயே மிதந்து வரும். சிதறிக் கிடக்கும் பொட்டுகளைத் தின்று வளர வேண்டும். சுவரில் முட்டினால் சாவு. செத்தவுடன் மறுபடி பெயர் கேட்கும்.

பேசிக்கொள்ள அதில் இடமே இல்லை என்று சௌமியா உதட்டைப் பிதுக்கியபோது, அந்தப் பெயர்க் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் கமலா. எதிலாவது ஒன்றில் பெயர் எழுதியே ஆயுள் கழிந்தவள் அவள். ஊருக்குப் போன சௌமியா தன் போனிலிருந்து சிவசக்திக்கு விளையாட்டின் முகவரியையும் அதில் கமலா பெயர் வைத்துத் திறந்த தனி அறையையும் மட்டும் சொன்னாள். ஆள் விட்டது சௌமியாவே தவிரத் தான் இல்லை என்று கமலா மனசுக்குள் ஒரு தீர்ப்பும் எழுதிக்கொண்டாள்.

அடுத்த நாள் மத்தியானம் கமலாவின் புழு கிளம்பியது. அதன் தலைமேல் ஆங்கில எழுத்தில், ‘சாப்டியா கண்ணு’ என்று இருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பச்சைப் புழு ஓடோடி வந்தது. சக்தியின் போனில் தமிழே வரும். ‘சாப்டேன்மா’ என்று இருந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு மகளின் குரல் கேட்ட மாதிரி இருந்தது கமலாவுக்கு. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அன்றிலிருந்து இதே பிழைப்பு. மறு வார்த்தை பேச வேண்டுமானால் புழுவைக் கொண்டுபோய்ச் சுவரில் மோத வேண்டும். ஒரு பேச்சுக்கு ஒரு சாவு. சாப்பாட்டு மணி நேரத்தில் ஒன்று பத்துக்குத் தொடங்கி இரண்டு மணிச் சங்கு வரைக்கும் அம்மாவும் மகளும் இருபது முப்பது தடவை செத்துச் செத்துப் பேசினார்கள்.

இந்தப் புழு ஓட்டத்தில்தான், சக்திக்கு ஏழு மாதம் என்று போன வாரம் கமலாவுக்குத் தெரிந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வா என்று இவள் சொல்ல, அப்பாவை நினைத்து அவள் தயங்க, முடிவை வியாழக்கிழமை ஒன்று பத்துக்குச் சொல்வதாகப் பேச்சு.

அந்த வியாழக்கிழமை இதுதான்.

*

காலையில் பாலு ஜீப்பில் ஏற்காடு டவுனுக்குப் போய் ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு வந்தார். சேலத்திலிருந்து வந்த சரவணன், நெட்வொர்க் பார்க்கிறவர். ஆள் நல்ல மாதிரி, குளிருக்குக் காதைக் கட்டிக்கொண்டு நேரே மேனேஜர் அறைக்குள் போனார். கதவு சாத்தப்பட்டது. சௌமியாவும் கமலாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பன்னிரண்டரைக்கு மேனேஜர் இருவரையும் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு காகிதம் இருந்தது. நாற்பது நாளாகத் தினமும் ஒன்று பத்திலிருந்து இரண்டு வரை ஒரு தளம் திறந்திருக்கிறது. அதில் இரண்டே பேர் நுழையும் தனி அறை ஒன்று இருக்கிறது. அறைக்கு யாரோ வைத்திருக்கும் பெயர், ‘பிளாக் 7 நாகலூர்’.

மேனேஜர் அந்தப் பெயரின் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார்.

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. அந்த எஸ்டேட்டில் மிளகைக் கொடியோடு ஏலம் விடுவார்கள். எந்தப் பிளாக்கில் எவ்வளவு காய்த்திருக்கிறது என்ற மதிப்பு ஏலம் முடியும்வரை ஆபீசைத் தாண்டக் கூடாது. நாளை மறுநாள் ஏலம். இந்த வருஷம் கொத்துக் கொத்தாகக் காய்த்திருப்பது ஏழாம் பிளாக். யாரோ ஒரு வியாபாரிக்கு இங்கிருந்து சேதி போகிறது என்று அவர் முடிவுகட்டிவிட்டார். கம்ப்யூட்டருக்கு ஒரே பாஸ்வேர்ட், அதுவும் திரையின் ஓரத்தில் காகிதத்தில் ஒட்டியிருக்கிறது. ஆனாலும் கம்ப்யூட்டர் என்றால் சௌமியா, சௌமியா என்றால் கம்ப்யூட்டர்.

நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று அவளிடம் நிதானமாகச் சொன்னார் மேனேஜர். கம்ப்யூட்டரைக் கழற்றி இன்றே சேலத்துக்கு அனுப்புவதாகவும், மீதியைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்றும் சொன்னார். கட்டி எடுத்துப்போக அட்டைப் பெட்டியோடும் கயிறோடும் பாலு வாசலில் வந்து நின்றார்.

சௌமியா வாயே திறக்கவில்லை. வாய் நீளம் என்று எஸ்டேட்டே சொல்கிற பெண், ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துக்கொள்ளலாம் என்று தெரிந்தும், கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கமலாவின் தலையெழுத்து வாசலில் கயிற்றோடு நிற்பதை அவளும் பார்த்திருந்தாள்.

கமலாவுக்குச் சுரீர் என்றது. ஊரார் பிள்ளையைக் காவு கொடுத்துத் தன் பிள்ளையைக் கொஞ்சுவதா? அப்படி ஒரு தாய்மை தனக்கு வேண்டாம்.

“சார், அந்தப் புள்ளை மேல ஒரு தப்புமில்லீங்க,” என்றாள். “நாந்தான் வெளையாடுனேன்.”

மேனேஜர் சிரித்தார். சரவணனும் கொஞ்சம் சிரித்தார்.

“கமலாம்மா, உங்க நல்ல மனசு எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணுக்காகப் பழியத் தூக்கிப் போட்டுக்காதீங்க. ஐம்பத்திரண்டு வயசுல நீங்க புழு விளையாடுனீங்கன்னா யாரு நம்புவாங்க?”

அந்தச் சிரிப்புதான் கமலாவைக் கிளப்பிவிட்டது. இருபத்தேழு வருஷம் இந்த ஆபீசுக்கு உழைத்தவளுக்கு ஒரு தப்புச் செய்யக்கூடத் தகுதியில்லை என்று நினைக்கிறார்களே!

“ஏனுங்க சார், அம்பத்திரண்டு வயசுக்கு மேல வெளையாடக் கூடாதுன்னு எந்த ரூல்ல போட்டிருக்குதுங்க? மொதல்ல ரெண்டு வெளையாட்டு அடைச்சீங்க, மூணாவதைப் புடிச்சோம். இதையும் அடைச்சா நாலாவதைத் தேடுவேன்.”

“அப்ப பிளாக் ஏழு?”

“எங்க லைன் ஊடு ஏழாம் பிளாக்குலதானுங்களே இருக்குது. பேரு வைன்னு அது கேட்டுச்சு. இத்தன வருஷமா எங்க ஊட்டு விலாசத்தை அப்படித்தானுங்க எழுதறேன். வேற என்ன பேரு எனக்குத் தோணும்?”

மிளகு நினைப்பே அவளுக்கு வரவில்லை. அந்தப் பெயர் ஒரு நாள் தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்றும் தோன்றவில்லை. அவ்வளவு தொழில் பழகிய கை இப்படி ஒரு மடத்தனம் செய்திருக்கிறது.

வாசலில் பாலு அசையாமல் நின்றார். யாரோடு விளையாடினாள் என்ற கேள்வி அவர் முகத்தில் வந்துவிட்டது. மேனேஜர் வாயிலும் அதே கேள்விதான் வந்தது. அவருக்கு இன்னும் நம்பிக்கை பிறக்கவில்லை. நீங்கள்தான் என்றால் நடத்திக் காட்டுங்கள் என்று கம்ப்யூட்டரைக் காட்டினார்.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்று எட்டு.

*

கமலா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். வலது பக்கம் மேனேஜர், இடது பக்கம் சரவணன், முதுகுக்குப் பின்னால் புருஷன். கை நடுங்கவில்லை. நடுங்கினால் புழு சரியாகத் திரும்பாது.

சௌமியா பக்கத்தில் வந்து காதோடு, வேண்டாம் அக்கா, வேலை போனால் போகட்டும் என்றாள். கமலா அவள் கையைத் தட்டிவிட்டுப் பெயர்க் கட்டத்தில் ‘வந்துட்டேன்’ என்று அடித்தாள்.

கறுப்புத் திரையில் அவளுடைய மஞ்சள் புழு தனியாகச் சுற்றியது. ஒன்று பத்து ஆயிற்று. ஒன்று பதினைந்தும் ஆயிற்று. யாரும் வரவில்லை. அவ்வளவுதானே என்பதுபோல மேனேஜர் செருமினார். அவள் புழுவைச் சுற்றவிட்டுக்கொண்டே இருந்தாள். விளையாட்டை எத்தனை லாகவமாக ஓட்டுகிறாள் என்பதைச் சரவணன் மட்டும் கவனித்து, வாய்விட்டுப் பாராட்டவும் செய்தார்.

ஒன்று பதினேழுக்குத் திரையின் மூலையில் ஒரு பச்சைப் புழு முளைத்தது. தலைமேல் தமிழ் எழுத்து. சரவணன் குனிந்து சத்தமாகப் படித்தார்.

“பஸ்ல வர்றேன்மா.”

அந்தக் கடைசி ‘மா’ யாருக்குச் சொந்தம் என்று தெரிந்துகொள்ள நெட்வொர்க் படிப்பு வேண்டியதில்லை. பாலுவின் கையிலிருந்த அட்டைப் பெட்டி கீழே விழுந்தது.

வரட்டுமா என்று கேட்பாள், வர மாட்டேன் என்று சொல்வாள் என்றெல்லாம் கமலா எதிர்பார்த்திருந்தாள். பெண் பஸ்ஸே ஏறிவிட்டாள். தனக்குப் பிறந்தது தப்பவில்லை என்று ஒரு கர்வமும் வந்தது. புழுவைச் சுவரில் மோதிக் கொன்றுவிட்டு, ‘எங்க வர்ற’ என்று அடித்தாள்.

பச்சைப் புழுவும் செத்துப் பிழைத்து வந்தது. ‘பதினாலு வளைவு’.

ஏற்காட்டு மலைப்பாதைக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. கீழிருந்து எண்ணினால் பதினாலு என்பது கிட்டத்தட்ட முக்கால் மலை. இன்னும் கால் மணியில் பஸ் டவுனுக்கு வந்துவிடும். அந்த அறையில் அதை வேறு யாரையும்விடப் பாலுவுக்கு நன்றாகத் தெரியும்.

“திரும்பிப் போவச் சொல்லு,” என்றார்.

கமலா திரும்பிப் பார்க்கவில்லை.

“காது கேக்குதா இல்லையா? எனக்குச் சத்தியம் பண்ணிப்போட்டு இந்த வேலை பண்ணியிருக்கறே. அவ இந்த மலை மேல காலு வெக்கக் கூடாது. திரும்பிப் போன்னு போடு.”

“போட மாட்டனுங்க.”

“கமலா.”

“கற்பூரத்தை அணைச்சது நானுங்க. பாவம் வந்தா எனக்கு வரட்டும். எம்புள்ளைக்குத் தலைப்பிரசவம் எங்கூட்டுலதான். நீங்க வாசல்ல நின்னு மறிச்சா உங்களைச் சுத்திக்கிட்டு உள்ளே கூட்டீட்டுப் போவேன்.”

மேனேஜர் முன்னால், வெளியூர்க்காரன் முன்னால், இருபத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அவள் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. குரலையும் உயர்த்தவில்லை. சொல்லிவிட்டு மஞ்சள் புழுவைச் சுவரில் மோதினாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று நிதானமாக அடித்தாள். ‘வா கண்ணு’ என்று ஆங்கில எழுத்தில் திரையில் வந்தது. பஸ் போர்டு படித்துப் பழகிய பாலுவுக்கு அது எளிதாகவே புரிந்தது.

பதில் வர நேரமானது. வளைவில் சிக்னல் போய்ப் போய் வரும். பச்சைப் புழு அப்படியே நின்று, திடுமென்று நேராகப் போய்ச் சுவரில் முட்டியது. மறுபடி வந்தபோது, ‘பின் சீட்டும்மா’ என்றது. அது செத்து அடுத்தது வந்தது. ‘தூக்கிப்போடுது’.

கமலாவின் விரல் எழுத்துகளின் மேல் நின்றுவிட்டது. ஏழு மாத வயிற்றோடு மலைப் பஸ்ஸில் கடைசி சீட்டு. என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வந்துவிடு என்று வீரமாக எழுதியாயிற்று. இப்போது அவளுக்குப் பயமாக இருந்தது.

பின்னாலிருந்து ஒரு கை வந்தது. ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்துப்போன கை. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

பாலு குனிந்து ஒற்றை விரலால் எழுத்துத் தேடினார். ‘மு’வுக்கு ஒன்று, அப்புறம் ஒன்று. சௌமியா உதவப் போனபோது முழங்கையால் விலக்கினார். மஞ்சள் புழு, ‘முன் சீட் போ’ என்று கிளம்பியது. அவருக்கு அதைத் திருப்பத் தெரியவில்லை. நேரே போய்ச் சுவரில் இடித்துச் செத்தது. பெயர்க் கட்டம் மறுபடி வந்து நின்றது. ஒரு கணம் அதையே பார்த்தவர், மறுபடி குனிந்தார். ‘கம்பி புடி’.

முப்பது வருஷமாக அந்த மலையில் வண்டி ஓட்டுகிறவருக்குத் தெரிந்த பாஷை அதுதான்.

பச்சைப் புழு மட்டும் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு அதுவே போய்ச் சுவரில் மோதியது. திரும்பி வந்தபோது அதன் தலைமேல் ஒரே ஒரு வார்த்தை இருந்தது.

‘அப்பாவா’

பாலு சுட்டுக்கொண்டவர்போலக் கையை எடுத்தார். பதில் எழுதவில்லை. சட்டையைச் சரிசெய்துகொண்டு, மேனேஜரிடம் ஜீப் ஒரு மணி நேரம் வேண்டும் என்று கேட்டார்.

மேனேஜருக்கு மனசு இளகியதோ இல்லையோ, பதவி இளகவில்லை. மிளகுச் சேதி ஒன்றும் போகவில்லை என்பது தெரிந்துவிட்டது, சௌமியா நாளைக்கு வேலைக்கு வரலாம் என்றார். ஆனால் பூட்டை ஏமாற்றியதை அவர் தலைமை ஆபீசுக்கு எழுதியே ஆக வேண்டும். கமலா இப்போது வெளியே போனால் விசாரணைக்கு நடுவில் போனதாகத்தான் எழுதுவார். பிறகு வேலை போனால் அவர் பொறுப்பில்லை.

கமலா தன் மேஜைக்குப் போனாள். முஸ்டர் புத்தகத்தைத் திறந்தாள். ஆபீஸ் ஆட்கள் பக்கத்தில் தன் பெயருக்கு நேரே, மத்தியானக் கட்டத்தில், அரை நாள் வரவில்லை என்று தானே குறி போட்டுக்கொண்டாள். இருபத்தேழு வருஷத்தில் அந்தப் பெயருக்கு நேரே அப்படி ஒரு குறி விழுவது இதுதான் முதல் தடவை. பேனாவை மூடிச் சௌமியாவிடம் கொடுத்தாள்.

“ரெண்டு மணிச் சங்குக்கு நீயே பேரு எழுதிக்க கண்ணு,” என்றாள்.

மேனேஜர் அந்தப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

*

வெளியே பனி இறங்கியிருந்தது. பாலு ஜீப்பைத் திருப்பி நிறுத்திவிட்டு, கீழே இறங்கிக் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கமலா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவர் ஏறிச் சாவியைத் திருகினார். எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்தது.

நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அவளை ஊட்டுக்குள்ள சேத்துக்கறேன்னு நான் சொல்லலை.”

“உங்களை யாருங்க கேட்டாங்க?”

அவர் தாடை இறுகியது. கமலாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். வேலை போகலாம். இந்த மனுஷன் இன்னும் எத்தனை மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாரோ தெரியாது. ஆனால் இன்னும் அரை மணி நேரத்தில் அவள் தன் மகளின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கப் போகிறாள். அதை எந்த உள்ளங்கையும் மறைக்க முடியாது.

ஆபீஸ் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சௌமியா தடதடவென்று ஓடி வந்தாள். கமலா பக்கமாகச் சுற்றி வந்து, மூச்சு வாங்க, எஞ்சின் சத்தத்துக்குள் அவள் காதில் மட்டும் விழும்படி சொன்னாள்.

“அக்கா, இன்னொண்ணு வந்திருச்சு. ‘அவரும் வர்றார்’னு போட்டிருக்குது. ஜெப்சன் அண்ணனும் கூட வர்றாருங்க்கா.”

கமலா மெல்லத் திரும்பித் தன் கணவரைப் பார்த்தாள். அவர் கியரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

“என்னவாமா?” என்றார்.

“ஒண்ணுமில்லீங்க,” என்றாள் கமலா. “பஸ்ஸு வந்துரும். வண்டிய எடுங்க.”